ஆணையமா, வழக்கா? அரசைப் பொறுப்பேற்க வைத்த ஒரு மலையடிவார ஊரின் வரலாறு

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் பேருரை)



ஒரு சேரியில் வீடுகள் எரிகின்றன. ஓர் ஊர்வலத்தின் மீது போலீஸ் பாய்கிறது. குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்படுகிறது. மறுநாள் நாம் சாலையில் உட்காருகிறோம். அப்போது எழும் முழக்கங்களில் ஒன்று தவறாமல் இருக்கும்: “நீதி விசாரணை நடத்து!” நானும் அந்த முழக்கத்தை எழுப்பியிருக்கிறேன். நிலத்தைக் கேட்டால் தராத அரசு, கூலியைக் கேட்டால் தராத அரசு, இந்தக் கோரிக்கையை மட்டும் பெரும்பாலும் சீக்கிரமே ஏற்றுக்கொள்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நியமிக்கப்படுகிறார். நாம் சாலையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போகிறோம். இத்தனை எளிதாக இந்தக் கோரிக்கையை அரசு ஏன் ஏற்கிறது? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

மக்களின் கோபம் வரலாற்றில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று ஆணையத்துக்குப் போகிறது. மற்றொன்று வழக்காக மாறிக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகிறது. முதல் வழியில் அறிக்கை கிடைக்கும். இரண்டாவது வழியில், மிக அரிதாக, குற்றவாளிக் கூண்டில் ஓர் அதிகாரி நிற்பார்.

1855: சித்திரவதை ஆணையம்

அரசு ஊழியர்களின் வன்முறையை விசாரிக்க நம் மண்ணில் அமைந்த பழைய ஆணையங்களில் ஒன்று கம்பெனி ஆட்சிக் காலத்தது. நிலவரி வசூலுக்காக மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. அதையடுத்துச் சென்னையில் மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரும் 1855இல் அறிக்கை தந்தார்கள்.

அந்த அறிக்கையைப் படிக்கும் எவருக்கும் இரண்டு தமிழ்ச் சொற்கள் மறக்காது. ஒன்று கிட்டி: விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. ஆங்கில அறிக்கைக்குள் இந்தச் சொற்கள் நம் ஊர் வலியோடு அப்படியே ஏறியிருக்கின்றன. ஆணையம் அமைந்த செய்தி கேட்டு மக்கள் வெகுதொலைவிலிருந்து நடந்தே வந்து முறையிட்டார்கள். சில மாதங்களுக்குள் இரண்டாயிரத்தை ஒட்டிய புகார்கள் வந்து குவிந்தன.

சித்திரவதை நடந்தது உண்மை என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. ஆனால் பழியை எங்கே வைத்தது? தாசில்தார், சேவகன் முதலான சுதேசி ஊழியர்கள் மீது வைத்தது. வெள்ளைக்கார கலெக்டர்களுக்கு இதில் உடன்பாடு இல்லை என்றும், மக்களும் அவர்களைக் குறைசொல்லவில்லை என்றும் எழுதியது. வரி இலக்கை நிர்ணயித்தவர் கலெக்டர். வசூல் குறைந்தால் கேள்வி கேட்டவரும் அவரே. குற்றம் மட்டும் கீழே இறங்கிச் சேவகன் கையோடு நின்றுவிட்டது. வருவாய்த் துறையிடமிருந்து காவலைப் பிரிக்க வேண்டும் என்ற யோசனைக்கு வலு சேர்ந்து, 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. மக்கள் கேட்டது நீதி. கிடைத்தது ஒரு புதிய இலாகா.

1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. ஹண்டர் குழு தன் வேலையைத் தொடங்கும் முன்பே, ராணுவச் சட்டத்தின்போது நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரிகள் மீது வழக்குத் தொடர முடியாதபடி பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஜெனரல் டயர் பதவியை இழந்தார். குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

அண்ணலும் இரட்டைமலையாரும் கேட்டது

இந்த ஏற்பாட்டை நம் முன்னோர் அப்போதே புரிந்து வைத்திருந்தார்கள். முதல் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான அரசியல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைத் தனித்தொகுதிக் கோரிக்கைக்கான ஆவணமாக மட்டுமே நாம் நினைவு வைத்திருக்கிறோம். அதன் நிபந்தனைகளைத் திரும்பப் படியுங்கள். அரசுப் பணிகளில் இடம் ஏன் வேண்டும் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம் வேலைவாய்ப்பு மட்டுமன்று. உயர்சாதி அதிகாரிகள் சட்டத்தையும், சட்டம் தங்களுக்குத் தந்த விருப்புரிமையையும் எங்களுக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அந்தக் காரணம்.

அடுத்த நிபந்தனை இன்னும் கூர்மையானது. எங்கள் நலனுக்குக் கேடாக அரசு செயல்பட்டாலோ, எங்கள் நலனைப் புறக்கணித்தாலோ, மேல்முறையீடு செய்து பரிகாரம் பெறும் உரிமை வேண்டும் என்றது அது. புறக்கணிப்பும் ஒரு குற்றம் என்று அவர்கள் எழுதினார்கள். அதிகாரி அடித்தால் மட்டும் குற்றம் என்பதில்லை. அடிக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றாலும் குற்றம். இந்தக் கருத்து நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏற அறுபது ஆண்டுகள் ஆயின. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவுதான் அது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது.

1952ஆம் ஆண்டுச் சட்டம்

இன்று அமைக்கப்படும் ஆணையங்கள் 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன. அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒவ்வொரு செயற்பாட்டாளரும் தெரிந்திருக்க வேண்டும். எதை விசாரிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஆணையத்தை அமைக்கும் அரசுதான். ஆணையம் சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம். ஆனால் தண்டனை தர முடியாது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றம் 1958இல் டால்மியா வழக்கிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆணையத்தின் முன் ஒருவர் தரும் வாக்குமூலத்தை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர, அவருக்கு எதிரான வேறு வழக்கில் பயன்படுத்த முடியாது என்கிறது 6ஆம் பிரிவு. அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று 1971இல் ஒரு திருத்தம் வந்தது. ‘நடவடிக்கை’ என்பது என்னவாக இருக்க வேண்டும் என்று அந்தத் திருத்தம் சொல்லவில்லை.

மறுபக்கம் வழக்கின் பாதையில் ஒரு பூட்டு தொங்குகிறது. அலுவல் கடமையின்போது செய்த செயலுக்காக அரசு ஊழியர் மீது வழக்கை நீதிமன்றம் ஏற்க வேண்டுமானால், உயர்மட்ட ஊழியர்கள் விஷயத்தில் அரசின் முன் அனுமதி தேவை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு அது. புதிய சட்டத்தில் 218. கூட்டத்தைக் கலைக்கும்போது நடக்கும் துப்பாக்கிச்சூட்டுக்குத் தனிப் பாதுகாப்பும் உண்டு. ஆணையத்தின் கதவு திறந்திருக்கிறது, உள்ளே தண்டனை இல்லை. தண்டனை இருக்கும் அறையின் கதவு பூட்டியிருக்கிறது, சாவி அரசிடம் இருக்கிறது.

வெண்மணி முதல் பரமக்குடி வரை

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நாடே கொதித்தது. அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. அதற்குத் தரப்பட்ட வேலை என்ன? கிழக்குத் தஞ்சையின் விவசாயக் கூலிப் பிரச்சினையை ஆராய்வது. அதன் விளைவாக 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அது நல்ல சட்டமே, போராடிப் பெற்றதே. ஆனால் கவனியுங்கள்: 44 உயிர்களை யார் கொன்றார்கள், பகை முற்றிக் கிடந்த வட்டாரத்தில் நிர்வாகமும் போலீசும் என்ன செய்துகொண்டிருந்தன என்ற கேள்வி, எத்தனை படி நெல் கூலி என்ற கேள்வியாக மாற்றப்பட்டது. கொலை வழக்கில் 1970இல் கீழ்நீதிமன்றம் நிலவுடைமையாளர்கள் சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் தொனி. அரசு ஊழியர் எவருடைய பொறுப்பும் எங்கும் கேள்விக்கு வரவில்லை.

1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள், சிறையிலிருந்த தங்கள் தோழர்களை விடுவிக்கக் கேட்டார்கள். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்களைப் போலீஸ் தடியால் விரட்டியது. தாமிரபரணியில் இறங்கியவர்கள் கரையேற முடியவில்லை. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று. நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. போலீஸ் நடவடிக்கையை அது நியாயப்படுத்தியது. மக்களை ஆற்றுக்குள் துரத்தியது யார் என்ற கேள்வியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது.

2011 செப்டம்பர் 11. தியாகி இமானுவேல் சேகரன் நினைவுநாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள். நீதிபதி சம்பத் ஆணையத்தின் அறிக்கை 2013இல் சட்டமன்றத்துக்கு வந்தது. துப்பாக்கிச்சூடு தவிர்க்க முடியாதது என்றது அது.

எல்லா ஆணையங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. 2018 தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், போலீஸ் தரப்பில் 17 பேரையும் அன்றைய ஆட்சியரையும் சுட்டி நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நேர்மையான அறிக்கை வரலாற்றுக்குத் தேவை. 1855 அறிக்கை இல்லாவிட்டால் கிட்டியும் அண்ணாந்தாளும் நமக்குத் தெரிந்திராது. ஆனால் உண்மை பதிவாவது வேறு, பொறுப்பு சுமத்தப்படுவது வேறு. முதலாவதைப் பெற்றுக்கொண்டு இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக நாம் நம்பிவிடக் கூடாது.

வாச்சாத்தி

இனி மற்ற வழிக்கு வருகிறேன். தருமபுரி மாவட்டத்தில், அரூருக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள ஊர் வாச்சாத்தி. அங்கே வாழ்பவர்கள் பழங்குடி மலையாளி மக்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி ஒரு கூட்டுப்படை ஊருக்குள் புகுந்தது. வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர். மொத்தம் 269. மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்புணர்ந்தார்கள். அவர்களில் பள்ளிக்கூட வயதுச் சிறுமியும் உண்டு. வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என 133 பேரைச் சந்தனக் கடத்தல்காரர்கள் என்று சொல்லிச் சிறையில் அடைத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் மலைக்கு ஓடிப் பதுங்கினார்கள். ஊர் காலியானது.

அரசு சொன்னது: அப்படி எதுவும் நடக்கவில்லை.

சில வாரங்கள் கழித்துத் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தவரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியினரும் ஊருக்குள் போனபோதுதான் செய்தி வெளியே வந்தது. கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து, மக்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை தந்தார். இங்கும் ஓர் அறிக்கை இருக்கிறது, பார்த்தீர்களா? ஆனால் அறிக்கை வந்துவிட்டதே என்று அந்த மக்கள் கலைந்து போகவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குக் கேட்டார்கள். மாநிலப் போலீஸ் தன்னைத் தானே விசாரிக்க முடியாது என்றார்கள். 1995இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த 269 பேரும் குற்றம் சாட்டப்பட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வர் இருந்தார்கள்.

அந்த வழக்கின் உயிர் எது? அடையாள அணிவகுப்பு. ‘போலீஸ் அடித்தது’, ‘வனத்துறை கெடுத்தது’ என்று பொதுவாகச் சொல்வதோடு அந்தப் பெண்கள் நிற்கவில்லை. வரிசையாக நின்ற அதிகாரிகள் முன் போய், “இவன்” என்று காட்டினார்கள். இலாகாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆளுக்கு அந்த ஒரு சொல் முகம் கொடுத்தது. சிறைக்குப் போய்வந்த பெண்கள், எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் வளர்ந்த பெண்கள், அரசின் மொத்தச் சீருடைக்கும் எதிரே நின்று அதைச் செய்தார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் குற்றவாளிகள். 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேருக்குத் தண்டனை. வனத்துறையினர் 126, போலீசார் 84, வருவாய்த் துறையினர் 5. வன்புணர்வுக் குற்றத்துக்காக 17 பேருக்குச் சிறை. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும், இறந்துபோனவர்களானால் அவர்கள் குடும்பத்துக்கும், தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டார். 1855இல் சேவகன் கையோடு நின்றுபோன பொறுப்பு, ஒருமுறையாவது மேலே ஏறிக் கலெக்டர் நாற்காலியைத் தொட்டது.

முப்பத்தோரு ஆண்டுகள்

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்க மாட்டேன். சம்பவத்திலிருந்து முதல் தீர்ப்புக்குப் பத்தொன்பது ஆண்டுகள். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு முப்பத்தொன்று. பள்ளிப் பிள்ளையாக ஏரிக்கரைக்கு இழுத்துப் போகப்பட்டவர் நடுவயதைத் தாண்டிவிட்டார். இந்தத் தாமதத்துக்கு எந்த அதிகாரியும் பொறுப்பேற்கவில்லை. இன்னொன்று: அந்த மக்களுக்குப் பின்னால் ஒரு சங்கமும் ஒரு கட்சியும் வழக்கறிஞர்களும் தலைமுறை மாறியும் நின்றார்கள். நம் எத்தனை ஊர்களுக்கு அப்படி ஒரு துணை வாய்த்தது?

அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் ஆற்றிய உரையை நினைத்துப் பாருங்கள். அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது வேறு வழிகளுக்கு நியாயம் இல்லை என்றார். இளைஞர்களில் பலருக்கு அந்தப் பேச்சு உடன்பாடில்லை என்பதை அறிவேன். “வழி எங்கே திறந்திருக்கிறது?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர் போட்ட நிபந்தனையையும் சேர்த்துப் படியுங்கள். வழி திறந்திருக்க வேண்டும் என்பது அரசின் கடமை. அதைத் தட்டித் திறந்து வைத்திருப்பது நம் வேலை. அரசியலமைப்பின் இதயம் என்று 32ஆம் பிரிவை அவர் சொன்னது அதனால்தான். சாமானியன் நேரே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் பிரிவு அது.

ஆகவே என் வேண்டுகோள் நடைமுறை சார்ந்தது. அடுத்த முறை சாலையில் உட்காரும்போது முதல் முழக்கத்தை மாற்றுவோம். முதல் தகவல் அறிக்கை பதிவு செய், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர், 4ஆம் பிரிவில் கடமை தவறியவர் யார் என்று சொல் எனக் கேட்போம். 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தக் கடமைகளைப் பட்டியலிட்டுத் தந்திருக்கிறது: வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக்காட்டிக் கையெழுத்துப் பெறுவது, வழக்குப் பதிவது, நகல் தருவது, வாக்குமூலம் வாங்குவது, அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது. ஒவ்வொன்றும் ஒரு தேதி, ஒரு கையெழுத்து, ஓர் ஆள். இந்த வழியிலும் ஒரு தடை உண்டு. நிர்வாக விசாரணை ஒன்றின் பரிந்துரை வந்த பிறகே அதிகாரி மீது குற்றம் பதிய முடியும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அந்த விசாரணையை எழுத்தில் கேட்பதும், கிடைக்காவிட்டால் நீதிமன்றம் போவதும் நம் வேலை. ஆணையம் அமைத்தால் அங்கும் போய்ச் சாட்சி சொல்வோம். அதற்காக வழக்கைக் கைவிட மாட்டோம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பவம் நடந்த ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். எந்த நேரம், எந்த வண்டி, என்ன சீருடை, யார் உத்தரவிட்டார், மனுவை வாங்கிய அலுவலர் யார், ரசீது எண் என்ன என்று எழுதுங்கள். கோபம் ஆறிவிடும், ஊடகம் போய்விடும், ஆட்சி மாறும். வாச்சாத்திப் பெண்கள் முகங்களை நினைவில் வைத்திருந்தார்கள். அந்தச் சுமையை இனி நம் பெண்கள் மீது மட்டும் போடக் கூடாது. அதைத் தாளில் இறக்கி வைப்பது படித்த நம் கடமை.